ஏலக்காய்க்குச் சாயம் பூசினால் குற்றம்! கார் சீட்டுக்குப் பூசினால்...?

போடிநாயக்கனூரில் "சாயம்" என்ற வார்த்தைக்கு நல்ல பெயர் கிடையாது.

வெளுத்துப்போன ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி, முதல் தரம் என்று தலையில் கட்டும் பேர்வழிகள் வாங்கிக் கொடுத்த பெயர் அது. ஏலக்காயில் வெளிச் சாயம் எதுவும் இருக்கக் கூடாது என்பது உணவுச் சட்டம். அதே ஊரில்தான் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையமும் இருக்கிறது. காயை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தே நிறம் சொல்லும் வியாபாரிகள் நிறைந்த ஊர்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் தன் பழைய காரின் வெளுத்துப்போன லெதர் சீட்டுக்கு நிறம் ஏற்றப் போவதாகச் சொன்னால் என்ன நடக்கும்?

"என்னண்ணே, காய்க்குப் பூசுறது போதாதுன்னு சீட்டுக்குமா?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

கேலி நியாயமா? இல்லை. ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை!

ஏலக்காயின் பச்சை அதன் தரத்துக்குச் சாட்சி. பதமாகப் பறித்து, ஸ்டோரில் சூடு பார்த்து உலர்த்தினால்தான் அந்தப் பச்சை நிற்கும். அதில் சாயம் பூசுவது பொய்ச் சாட்சி.

கார் சீட் அப்படியல்ல. அதன் நிறம் முதல் நாளிலேயே பூசியதுதான். குரோம் உப்பில் பதனிட்ட தோல் தொட்டியிலிருந்து வரும்போது வெளிர் நீலமாக இருக்கும். பட்டையில் பதனிட்டால் வெளிர் பழுப்பு. கறுப்பு, கருஞ்சிவப்பு, சந்தன நிறம் எல்லாம் பிறகு ஏற்றியவை. தொழிற்சாலையில் பூசியது தேய்ந்தால் திரும்பப் பூசுவதில் என்ன தப்பு?

வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தால் யாரும் மோசடி என்பதில்லையே!

மலை ரோட்டில் சீட் படும் பாடு

போடியிலிருந்து குரங்கணிக்குச் சுமார் 16 கி.மீ. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கியது. அந்த ரயில் 1924 வெள்ளத்தோடு போயிற்று. கம்பிக் கயிறும் இன்று இல்லை. இப்போது சுமப்பதெல்லாம் ஜீப்தான். ஆள், அரிசி, உரம், ஏலக்காய் மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, சுற்றுலா ஆசாமி... எல்லாம் அதே சீட்டில்.

போடிமெட்டுப் பக்கமோ 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் உடம்பு ஒரு பக்கம் சாயும், மறு பக்கம் சாயும். சீட் உரசிக்கொண்டே இருக்கும்.

எந்தக் காரை வேண்டுமானாலும் பாருங்கள். முதலில் தேய்வது டிரைவர் சீட்டின் வலது ஓரம். ஏறும்போதும் இறங்கும்போதும் இடுப்பு அதன் மேல்தான் வழுக்குகிறது. அடுத்தது தலை சாயும் இடம். அங்கே தலை எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடக்கும்.

தோட்டத்துக்குப் போய்வரும் வண்டியென்றால் இன்னொரு வில்லங்கம். ஏலச்செடியில் அழுகல் வராமல் இருக்கத் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். அந்தக் கையோடும் துணியோடும் ஏறி உட்கார்ந்தால் சீட்டில் நீலத் திட்டு விழும். தோல் இயல்பிலேயே கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது. சுண்ணாம்பின் காரம் அதற்கு ஆகாது. துணி சோப்பும் அப்படித்தான். வாரா வாரம் சோப்பு நுரை போட்டுத் தேய்த்து "சுத்தமா வச்சிருக்கேன்" என்பவர், தெரியாமலேயே நிறத்தைச் சுரண்டிக் கொண்டிருக்கிறார்.

மேலே மூடுபனி, ஈரம், பூஞ்சை. கீழே போடியில் வெயில். காலையில் நனைந்து மத்தியானம் காய்ந்தால் எந்தத் தோல் தாங்கும்?

தோலா? ரெக்சினா?

இங்கேதான் பலர் காசைத் தொலைக்கிறார்கள்.

ஜீப்பிலும் சாதாரணக் கார்களிலும் இருப்பது பெரும்பாலும் தோல் இல்லை, ரெக்சின். ரெக்சின் என்பதே ஒரு கம்பெனிப் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் துணியின் மேல் பூச்சுப் பூசித் தயாரித்த சரக்கு அது. அந்தச் சரக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் நம் ஊரில் தங்கிவிட்டது. இன்று ரெக்சின் என்று விற்பது துணி மேல் பூசிய பிளாஸ்டிக்.

அது பழசானால் உள்ளே இருக்கும் மெழுக்கு வெளியேறி விறைத்துப் போகும். வெடிக்கும். வேறொரு ரகம் ஈரத்தில் செதில் செதிலாக உரியும். "ஆர்ட் லெதர்" என்றும் வேறு பல பகட்டுப் பெயர்களிலும் கடையில் மாட்டும் கவர்களில் பாதிக் கதை இதுதான். உரிய ஆரம்பித்த ரெக்சினுக்கு எந்த வர்ணமும் எடுபடாது. பூசினால் வர்ணமும் சேர்ந்து உரியும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ரெக்சின் தைப்பதே சிக்கனம்.

தோல் வேறு. நிறம் போனாலும் அடியில் நார் உயிரோடு இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டின் அடியில், மடித்துப் பின் அடித்திருக்கும் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். துணி நெசவு தெரிந்தால் ரெக்சின். மயிர் மயிராக நார் தெரிந்தால் தோல். நிறம் தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், தோல் அதை உறிஞ்சிக் கறுக்கும். பிளாஸ்டிக் மேல் சொட்டு அப்படியே நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. விலை உயர்ந்த கார்களில்கூட உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் மட்டும் தோலாக இருக்கும். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ரெக்சின் வைத்துத் தைத்திருப்பார்கள். ஓரிடத்தில் பார்த்துவிட்டு "முழுத் தோல்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

வேட்டியில் ஒட்டும் பாலிஷ்

வெளுத்த சீட்டுக்கு ஊரில் சொல்லும் வைத்தியம் இரண்டு. ஒன்று ஷூ பாலிஷ். இன்னொன்று தேங்காய் எண்ணெய்.

ஷூ பாலிஷ் பூசிய அன்று சீட் பளபளக்கும். மறுநாள் கல்யாணத்துக்குப் போக வெள்ளை வேட்டியோடு ஏறி உட்கார்ந்தவர், மண்டபத்தில் இறங்கும்போது பின்னால் கறுப்பு முத்திரையோடு இறங்குவார்! பாலிஷ் என்பது மெழுகு. சூட்டில் இளகும், உரசினால் ஒட்டும். யாரும் உட்காராத செருப்புக்கு அது சரி.

தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். தோல் அதைக் குடித்துக் கறுத்துப் போகும், புழுதியைப் பிடிக்கும். பிறகு ஒழுங்கான வர்ணம் பூச நினைத்தால், எண்ணெய் ஊறிய இடத்தில் அது பிடிக்காது.

உண்மையான வேலை எப்படி நடக்க வேண்டும்?

சீட்டின் மேல் உள்ள நிறம் ஒரு மெல்லிய படலம். அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. வேர்வையும் எண்ணெயும் உள்ளே இறங்காமல் தடுப்பது அதுதான். படலம் தேய்ந்ததும் வேர்வை இறங்குகிறது, தோல் காய்கிறது, சுருக்கம் விழுகிறது, சுருக்கம் வெடிப்பாகிறது. ஆகவே வெடித்த பிறகு பூசுவதைவிட, வெளுத்ததுமே பூசுவது பாதிச் செலவை மிச்சம் பிடிக்கும்.

முதலில் காரமில்லாத கழுவும் நீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் பழைய பாலிஷையும் எண்ணெயையும் துடைக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். பூசிய வர்ணம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அப்புறம் நைசான உப்புத்தாளால் லேசாக உரசல். வெடிப்பு இருந்தால் வளைந்து கொடுக்கும் பசையை மெல்ல மெல்லப் பூசி நிரப்ப வேண்டும். சில இடங்களில் கார் பாடிக்குப் பட்டி பார்க்கும் அதே பட்டியைச் சீட்டிலும் அப்பிவிடுகிறார்கள். தகரம் வளையாது, சீட் வளையும். ஒருவர் உட்கார்ந்து எழுந்தாலே பட்டி பொரிந்துவிடும். கிழிசல் என்றால் அடியில் துணி வைத்து ஒட்டிவிட்டு, அதற்கு மேல் பசை.

நிறம் சேர்ப்பதுதான் கைவேலை. வெயில் படாத அடி ஓரத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். தோலுக்கென்றே தயாராகும் தண்ணீரில் கரைந்த வர்ணம் வேண்டும். கதவுக்கு அடிக்கும் பெயின்ட் கூடாது! ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாக ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை, அப்புறமும் ஒன்று. கெட்டியாக ஒரே கையில் அப்பினால் தோலின் ரேகை மறைந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். கடைசியில் நிறமில்லாத மேல்பூச்சு. அது இல்லாவிட்டால் மறுபடியும் வேட்டிக் கதைதான். ஒரு நாளாவது யாரும் உட்காராமல் விட வேண்டும். "சாயங்காலமே வண்டி வேணும்" என்று நிற்கிறவரிடம் வேலையை ஒப்புக்கொள்ளாதவரே நல்ல மேஸ்திரி.

குஷன் கடைக்காரருக்கு யார் கற்றுக்கொடுப்பது?

குஷன் மேஸ்திரிக்குத் தையல் தெரியும், ஸ்பாஞ்ச் வெட்டத் தெரியும். தோல் வர்ணம் யாரும் கற்றுத் தராத வித்தை. அதனால்தான் "லெதரா? கழட்டிப் போட்டுட்டு ரெக்சின் போட்டுரலாம்ணே, அம்புட்டுத்தேன்" என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இத்தனைக்கும் இது தோல் தெரியாத ஊரா? தமிழ்நாட்டில் தோல் பதனிடும் தொழில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வடக்கே பரவிக் கிடக்கிறது. போடிக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் உண்டு. சென்னையில் ஒரு பேட்டைக்கே குரோம் தோல் கம்பெனியால் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. குரோம் வருவதற்கு முன் தென்னாட்டுத் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரைதான். அந்தத் தோல் கப்பலேறி லண்டன் வரை போனது.

அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948ல் தொடங்கியது. தோலின் நிறம் பற்றி நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரிய தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேருகிறது. குஷன் கடைக்கு வரவில்லை. தேனியிலோ போடியிலோ நாலு நாள் பயிற்சி வைத்து, மேஸ்திரிகளுக்கு வர்ணம் கலக்கச் சொல்லிக் கொடுத்தால் என்ன? பத்துப் பேர் கற்றுக்கொண்டால் மலை ஏறும் வண்டிகளுக்கெல்லாம் போதும். வர்ணத்தைச் சின்ன டப்பாவில் கிடைக்கச் செய்ய வேண்டும். கேன் கணக்கில் வாங்கினால் சின்னக் கடை தாங்காது.

"பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கினால் போயிற்று, இதற்கு ஏன் பாடுபட வேண்டும்?" என்று கேட்பவர்கள் பாலாற்றைக் கேட்க வேண்டும். தோல் பதனிடும் கழிவு ஆற்றையும் கிணற்றையும் எப்படிக் கெடுத்தது என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. திண்டுக்கல் பக்கத்துக் கிணறுகளுக்கும் அந்த வேதனை தெரியும். அவ்வளவு தண்ணீரைக் கெடுத்து உண்டான தோலை, மேல் நிறம் வெளுத்தது என்பதற்காக மட்டும் குப்பையில் போடுவது கொழுப்பு. வேறென்ன சொல்ல?

வாங்குகிறவர் கவனத்துக்கு

டீக்கடைக் கேலியில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது என்றது இதற்காகத்தான். பழைய கார் விற்கும் சில கில்லாடிகள், ஓடிய கிலோ மீட்டரைக் குறைத்துக் காட்டிவிட்டு, அதற்குப் பொருத்தமாகச் சீட்டுக்கும் வர்ணம் பூசி வைக்கிறார்கள். அங்கே சீட்டும் ஏலக்காய் ஆகிவிடுகிறது.

தன் வண்டிக்குப் பூசிக்கொண்டு தானே ஓட்டுகிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. விற்கும்போது, "சீட்டுக்கு நிறம் ஏற்றியிருக்கு" என்று சொல்லி விற்றாலும் தப்பில்லை. நல்ல வேலை என்றால் விலைகூடக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம்.

சொல்லாமல் விற்பவரைப் பிடிக்க வழி உண்டு. சீட் புதுசாக மின்னும். ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் மழுங்கியிருக்கும், ஸ்டியரிங் வழவழத்திருக்கும், கதவுக் கைப்பிடி தேய்ந்திருக்கும். இவை மூன்றும் ஒரு வயது, சீட் ஒரு வயது என்றால் சந்தேகப்பட வேண்டும். தையல் நூலைப் பாருங்கள். நூலிலும் வர்ணம் அப்பியிருந்தால் மேலே பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டிரைவர் சீட்டின் வலது ஓரத்தை ஈர வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் வந்தால் வண்டிக்காரரிடம் விலையை மறுபடியும் பேசலாம்.