படம் பெரிதா, பறவை பெரிதா?

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் எனப்படும் உவர்மலையிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குச் செல்லும் வீதியோரம் களப்புகளும் உவர்நிலங்களும் நிறைந்தது. அதற்கும் அப்பால், முல்லைத்தீவு மாவட்ட எல்லையில், 1951ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கொக்கிளாய்க் களப்பு இருக்கிறது. நீண்ட வில்லை பொருத்திய கமெராவுடன் பறவை தேடி இப்பகுதிக்கு வருவோர் இன்று பெருகியுள்ளனர். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கூட்டமாகப் பறக்கும் காட்சி வேண்டுமென்று கைதட்டிப் பறவைகளைக் கிளப்புவதை எப்படி ஏற்பது?

ஆசியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் உள்ளான்கள் ஏறத்தாழ செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே தங்குகின்றன. சேற்றில் புழு பொறுக்கிச் சேர்க்கும் கொழுப்பே அவை திரும்பிச் செல்வதற்கான எரிபொருள். 2022இல் ஐந்து மாத வயதுடைய பட்டைவால் மூக்கன் ஒன்று, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. அத்தகைய பயணத்துக்கான சேமிப்பை, ஒரு படத்துக்காக நாம் வீணடிக்கிறோம்.

இங்கேயே வாழும் பறவைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் சிறிய உப்புக்கொத்தி ஒன்று, ஹனுமன் புளோவர் என்ற பெயரில் 2023இல் தனி இனமாக முன்வைக்கப்பட்டது. வெறும் மணலில் சிறு குழி பறித்து அது முட்டையிடுகிறது. நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து, சிறகொடிந்ததுபோல் நடித்து நம்மை அப்பால் இழுக்கப் பார்க்கும். அந்த நடிப்பை அரிய காட்சியெனக் கருதி நின்று படமெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும், வெயிலில் முட்டை வேகிறது; காகமும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

படங்கள் வந்தால்தானே மக்களுக்கு அக்கறை பிறக்கும் என்பார்கள். உண்மைதான். களப்பைத் 'தரிசு' என்று சொல்லி மண்ணிட்டு நிரப்ப முனைவோருக்கு எதிராக, திகதியும் பறவைகளின் எண்ணிக்கையும் குறித்த ஒரு படம் வலுவான சான்று. ஆனால் அந்தச் சான்றுக்கு, தொலைவில் அமைதியாக இரைதேடும் பறவைகளின் படமே போதும். கூட்டின் படம் தேவையில்லை. கூடு இருக்கும் இடத்தை ஊருக்கு அறிவிக்கவும் வேண்டியதில்லை.

பறவை தலைநிமிர்த்தி நம்மைப் பார்த்துவிட்டால், அங்கேயே நின்றுவிடுங்கள். மறுபடி அது இரைதேடத் தொடங்காவிட்டால், பின்வாங்குங்கள். படம் கிடைக்காத நாளும் நல்ல நாளே.