மெத்தைக்கேற்ற பஞ்சு

நுரை மெத்தைகள் மலிந்த இந்நாளிலும், தென்காசி, குற்றாலம் பிரதேசத்தில் கலியாணச் சீருக்குப் பஞ்சு மெத்தை வாங்குவோர் பலர். அவர்கள் மேலுறையின் நிறத்தைக் கவனிக்குமளவு உள்ளிருக்கும் சரக்கைக் கவனிப்பதில்லை. இது நஷ்டத்திற்கே வழி.

ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று இங்கே சாரலைத் தருகிறது. அப்போது பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும், நாளடைவில் கட்டிபட்டுப்போகும். அதனைப் பிரித்து, உலர்த்தி, வில்லால் அடித்துத் திரும்ப அடைக்கவேண்டும். இலவம் பஞ்சின் இழையோ குழல் போன்றது, மெழுகுத்தன்மையுடையது. ஆகவே நீர் எளிதில் ஏறாது. தன் எடையைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு பாரத்தை நீரில் தாங்குவதால், முன்னர் உயிர்காப்பு மிதவைகளிலும் அதனை அடைத்தனர். ஆயினும் அவ்விழை நொய்மையானது. ஆண்டுகள் செல்லத் தூளாகும். தென்னை நார் நெடுநாள் உழைக்கும். தனியே அடைத்தால் உறுத்தும்.

சாரற் பிரதேசத்திற்கு இலவம் பஞ்சே ஏற்றது. ஆனால் தைக்குமுன் அதனைப் பரீட்சித்தல் அவசியம். ஒரு பிடியை அமுக்கிவிட்டால் உடனே விரியவேண்டும். விரலிடையே தேய்த்தால் தூள் உதிரலாகாது. விதை மிகுந்திருப்பின் எடைக்குக் கொடுத்த பணம் வீண்; எலியும் வரும். பழம் பஞ்சின் கலப்பை மங்கிய நிறமும் கட்டிகளும் காட்டிவிடும்.

வேலியோரம் இடமுள்ளோர் இரண்டோர் இலவமரம் வைப்பது நலம். கோடையில் முற்றிய காய்களை வெடிக்குமுன் பறித்து உலர்த்தினால் வீட்டுத் தேவைக்குக் கடைப்பஞ்சை நாடவேண்டுவதில்லை. தைத்து வைத்த மெத்தையினும் கண்ணெதிரே அடைத்த மெத்தையே மேல்.