லேசர் பேனா: ஒரு நாட்டில் விளையாட்டுப் பொருள், இன்னொரு நாட்டில் ஆயுதம்

கொழும்பு புறக்கோட்டையிலோ சென்னையின் நடைபாதைக் கடையிலோ வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடக்கூடிய சின்னப் பொருள்தான் லேசர் பேனா. இணையக் கடையில் கட்டளை கொடுத்தால் சில வாரங்களில் அஞ்சலில் வீட்டுக்கே வந்துவிடும். பூனைக்கு விளையாட்டுக் காட்டவும், வகுப்பில் படத்தைச் சுட்டிக்காட்டவும், இரவு வானத்தில் நட்சத்திரத்தை அடையாளம் காட்டவும் அது பயன்படுகிறது. ஆனால் அதே பேனா சிட்னியில் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகலாம். சூரிச்சில் கைவசம் வைத்திருக்கவே கூடாத பொருளாகலாம். ரொறன்ரோவில் வீட்டுக்குள் பிரச்சினை இல்லாமல் இருந்தது, வீதிக்கு வந்தவுடன் அபராதத்துக்குரியதாகலாம்.

ஒரே குடும்பத்தின் உறவுகள் நான்கு நாடுகளில் வாழ்வது எமது சமூகத்தில் வழமையான விடயம். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று எல்லைகளைக் கடந்துகொண்டே இருக்கிறோம். பயணப்பொதிக்குள் பரிசுப் பொருட்களும் சேர்ந்தே கடக்கின்றன. அதனால் இந்தச் சிறிய பொருளைச் சுற்றியுள்ள சட்டங்களை எமது குடும்பங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்பதை இறுதியில் சொல்கிறோம். முதலில் இந்தச் சட்டங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

வானத்தில் தொடங்கிய பிரச்சினை

2008 மார்ச் மாத இறுதியில், சிட்னி விமான நிலையத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்த பல விமானங்களை நோக்கித் தரையிலிருந்து பச்சை லேசர் கதிர்கள் பாய்ச்சப்பட்டன. ஒருவர் விளையாட்டாகச் செய்தது போலன்றி, பலர் சேர்ந்து செய்தது போல அது இருந்தது. விமானங்களின் இறங்குபாதையை மாற்ற வேண்டி வந்தது. சில மாதங்களுக்குள் அவுஸ்திரேலிய அரசு சுங்க விதிகளைத் திருத்தியது. 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட வலுவுடைய, கையில் பிடிக்கும் லேசர் பேனாக்களை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவது 2008 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டது.

கையளவு பேனா விமானத்தை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். லேசர் கதிர் சிறு புள்ளியாகவே போய்க்கொண்டிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தூரம் போகப்போக அது விரிகிறது. சாதாரணப் பேனா ஒன்றின் கதிர் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்துக்குப் பரந்துவிடும். விமானியின் முன்கண்ணாடியில் பட்டதும் அந்த ஒளி சிதறி, விமானி அறை முழுவதையும் நிரப்பும். இரவில் இருளுக்குப் பழகியிருக்கும் கண்ணுக்கு அது புகைப்பட ஒளிப்பொறி முகத்துக்கு நேரே வெடித்தது போன்றது. சில விநாடிகளுக்காவது எதுவும் தெரியாது. விமானம் தரையைத் தொடப்போகும் வேளையில் அந்தச் சில விநாடிகள்தான் நூற்றுக்கணக்கானோரின் உயிர். பச்சை நிறம் இன்னும் மோசமானது. மனிதக் கண் பச்சைக்கு மிகக் கூடுதலாக உணர்திறன் கொண்டது என்பதால், அதே வலுவுள்ள சிவப்புக் கதிரைவிடப் பச்சை பல மடங்கு பிரகாசமாகத் தெரியும்.

இது அருமையாக நடக்கும் சம்பவமும் அல்ல. அமெரிக்காவில் மட்டும் 2023 ஆம் ஆண்டில் 13,304 லேசர் சம்பவங்களை விமானிகள் முறையிட்டதாக அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் பதிவு செய்திருக்கிறது. ஆகவே சட்டம் தேவையில்லாமல் வந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

நாட்டுக்கு நாடு வேறு கோடு

கேள்வி, சட்டம் எந்த இடத்தில் கோடு போடுகிறது என்பதுதான். அதில்தான் எமது மக்கள் வாழும் நாடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன.

அவுஸ்திரேலியா எல்லையிலேயே மறிக்கிறது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தன் ஆயுதச் சட்டத்தை வைத்திருக்கிறது. எமது மக்கள் கூடுதலாக வாழும் நியூ சவுத் வேல்ஸில், 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட லேசர் பேனா தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. குறைந்த வலுவுள்ளதாயினும், தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கொண்டு திரிவது தனிக் குற்றம். 2008 இல் அந்த விதியைக் கொண்டுவந்தபோது இரண்டு ஆண்டுச் சிறை வரை தண்டனை வைக்கப்பட்டது. நீதிமன்றங்கள் சாதாரணமாக உச்சத் தண்டனையை வழங்குவதில்லை. ஆனாலும் வெண்ட்வேர்த்வில் புகையிரத நிலையத்தில் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் சட்டைப்பையில் இந்தப் பேனா இருந்தால், அதைக் காவல்துறை பார்க்கும் கண் வேறு, தாய் தகப்பன் பார்க்கும் கண் வேறு.

சுவிற்சர்லாந்து 2019 ஜூன் 1 முதல் இன்னும் இறுக்கமான வழியில் போகிறது. அங்கு முதலாம் வகுப்பு லேசர் பேனாக்கள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. அவையும் கட்டடத்துக்குள், எதையாவது சுட்டிக்காட்டுவதற்கு மட்டும். மற்ற எல்லா வகுப்புகளையும் இறக்குமதி செய்வது, விற்பது, ஒருவருக்குக் கொடுப்பது, வைத்திருப்பது, நாட்டின் ஊடாகக் கொண்டு செல்வது அனைத்தும் தடை. இதில் எமது பாடசாலைகளும் அமைப்புகளும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யேர்மனியில் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், திரையில் படங்காட்டும்போது பயன்படுத்தும் கைக்கருவிகளில் பல இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவை. அங்கு எந்தத் தடையும் இல்லாத அந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பாசலில் நடக்கும் ஆசிரியர் கருத்தரங்குக்குப் போகிறவர், எல்லையைத் தாண்டும் கணத்திலேயே சட்டத்தை மீறுகிறார்.

கனடா இடத்தையும் நேரத்தையும் பார்க்கிறது. 2018 இல் கனடியப் போக்குவரத்துத் திணைக்களம் கொண்டுவந்த ஆணை, ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் பெரும்பாகங்களின் பொது இடங்களிலும், எந்த விமான நிலையத்தையும் சுற்றிய 10 கிலோமீற்றர் பரப்பிலும், 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட, மின்கலத்தில் இயங்கும் கைலேசரை நியாயமான காரணமின்றி வைத்திருப்பதைத் தடைசெய்தது. தனிநபருக்கு 5,000 டொலர் வரை அபராதம். விமானத்தை நோக்கிப் பாய்ச்சினால் 100,000 டொலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும். ஸ்காபறோ, மார்க்கம், பிராம்ப்ரன் எல்லாமே அந்த எல்லைக்குள் அடங்கும் இடங்கள்.

பிரித்தானியா பொருளை விட்டுச் செயலைப் பிடிக்கிறது. 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, வாகனம் ஒன்றை நோக்கி லேசர் கதிரைப் பாய்ச்சி அதை ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைப்பது அல்லது கவனத்தைத் திருப்புவது குற்றம். அப்படி நடக்க வாய்ப்பிருந்தாலே போதும். விமானம் மட்டுமல்ல, பேருந்து, புகையிரதம், கப்பல், கார் எல்லாம் இதில் அடங்கும். உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை. பழைய விதியில் விமானத்துக்குப் பாய்ச்சினாலும் பெரும்பாலும் 2,500 பவுண் அபராதத்தோடு முடிந்தது. வேண்டுமென்று பாய்ச்சினார் என்று அரசதரப்பு நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. தகுந்த காரணம் இருந்தது என்றோ, எண்ணமில்லாமல் உரிய கவனத்தோடுதான் நடந்துகொண்டேன் என்றோ காட்டும் பொறுப்பு பாய்ச்சியவர் பக்கம் வந்திருக்கிறது. ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ் பகுதிகளில் எமது வீடுகளின் கூரைக்கு மேலாகத்தான் ஹீத்ரோ விமானங்கள் இறங்குகின்றன என்பதை நினைவிற் கொள்வோம்.

முத்திரையை நம்பலாமா?

எல்லா நாடுகளும் ஏதோ ஒரு அளவை வைத்துக் கோடு போடுகின்றன. அவற்றில் 1 மில்லிவாற்று என்பதற்குக் காரணம் உண்டு. அந்த வலுவுக்குள் இருக்கும் கதிர் கண்ணில் பட்டால், கால் விநாடிக்குள் நாம் தன்னிச்சையாகக் கண்ணை மூடிக்கொள்வோம். அதற்குள் விழித்திரைக்குக் காயம் ஏற்படாது என்பதுதான் கணக்கு. அளவு நியாயமானதுதான். ஆனால் வாங்குபவர் அந்த அளவை எப்படி அறிந்துகொள்வது?

அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனம் 2013 இல் 122 லேசர் பேனாக்களைப் பரிசோதித்தது. பச்சைப் பேனாக்களில் ஏறத்தாழ 90 வீதமும், சிவப்பில் 44 வீதமும் அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை. மலிவான பச்சைப் பேனாவில் இன்னொரு ஆபத்து. அதன் உள்ளே முதலில் உருவாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஒரு பளிங்கு அதைப் பச்சையாக மாற்றுகிறது. மாறாமல் மிஞ்சும் கதிரைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். சில மலிவுப் பேனாக்களில் அது இருப்பதில்லை. தெரியாத கதிருக்குக் கண் இமைக்காது. பச்சை மங்கலாக இருக்கிறது, பாதகமில்லை என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் காயப்படலாம்.

இங்கேதான் சட்டத்தின் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறான முத்திரையோடு உற்பத்தி செய்தவர் வெகுதூரத்தில் இருக்கிறார். விற்ற இணையக் கடை நாளைக்கு வேறு பெயரில் திறக்கும். வலுவை அளக்கும் கருவி எந்த வீட்டிலும் இல்லை. கடைசியில் சுங்க மேசையிலோ வீதியிலோ பிடிபடுகிறவர் கொண்டுவந்தவர் மட்டுமே. அவுஸ்திரேலியாவில் சில மாநிலங்கள் வானியல் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு விலக்கு அளிக்கின்றன. அமைப்பாக, ஆங்கிலத்தில், உரிய படிவத்தோடு கேட்கத் தெரிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. புதிதாக வந்து சேர்ந்தவருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

போராட்டக் களத்தில்

2019 ஓகஸ்ட்டில் ஹொங்கொங்கில் மாணவர் தலைவர் ஒருவர் கடையில் பத்து லேசர் பேனாக்களை வாங்கியபின் கைதுசெய்யப்பட்டார். அவை தாக்குதலுக்கான ஆயுதங்கள் என்றது காவல்துறை. அடுத்த நாள் நூற்றுக்கணக்கானோர் லேசர் பேனாக்களோடு வீதிக்கு வந்தார்கள். அந்த ஆண்டின் போராட்டங்களில் காவலரின் கண்களையும் கண்காணிப்புக் கருவிகளையும் நோக்கிப் பேனாக்கள் பயன்படுத்தப்பட்டதும் உண்மை, விற்பனைக்கு இருந்த பொருளை வாங்கியதே குற்றமாகப் பார்க்கப்பட்டதும் உண்மை.

எமது இளையோர் லண்டனிலும் ஜெனீவாவிலும் ரொறன்ரோவிலும் ஆண்டுதோறும் வீதிக்கு இறங்குகிறார்கள். கொடியும் பதாகையும் கொண்டுபோகும் பையில் ஒரு லேசர் பேனா தற்செயலாகக் கிடந்தாலும், கூட்டத்தின் நடுவே அதன் பொருள் மாறிவிடும். எமது கோரிக்கையைப் பற்றி எழுத வேண்டிய பத்திரிகை அந்தப் பேனாவைப் பற்றி எழுதும். ஒழுங்கமைப்பாளர்கள் தொண்டர்களுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில் இதற்கும் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

எமக்கு ஏன் இது பெரிய விடயம்

இந்நாடுகளில் பிறந்த ஒரு பிரசைக்கு இது அபராதத்தோடோ எச்சரிக்கையோடோ முடியக்கூடிய விடயம். குடியுரிமை இல்லாதவருக்கு அப்படியல்ல. அவுஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரின் விசாவை நன்னடத்தைச் சோதனையின்கீழ் இரத்துச் செய்யலாம். பிரித்தானியாவில் அதே 12 மாதம் நாடுகடத்தல் நடைமுறையைத் தொடக்கிவிடும். கனடாவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை நிரந்தர வதிவிட உரிமையையே ஆபத்தில் தள்ளும். படகில் வந்து அவுஸ்திரேலியாவில் இணைப்பு விசாவில் காலந்தள்ளும் எமது உறவுகளில் பலர் நடத்தைக் கோவை ஒன்றில் கையெழுத்திட்டவர்கள். அவர்களுக்குச் சிறைத்தண்டனை கூடத் தேவையில்லை, குற்றச்சாட்டே போதும் இரவுத் தூக்கத்தைப் பறிக்க.

எனவே சில விடயங்களை வீட்டில் பேசிவைப்போம். இணையத்தில் வாங்குமுன் வகுப்பையும் வலுவையும் பார்ப்போம். இரண்டும் எழுதப்படாத பேனாவை வாங்கவே வேண்டாம். நாடு கடக்கும் பையில் லேசர் பேனா வேண்டாம். ஏற்கெனவே பையில் இருந்தால் சுங்க அட்டையில் மறைக்காமல் அறிவிப்போம். அறிவித்தால் பொருள்தான் போகும், மறைத்தால் பொய் சொன்ன குற்றமும் சேரும். தமிழ்ப் பாடசாலைகளில் திரையிலேயே சுட்டியை நகர்த்தும் கணினி வசதி இருக்கிறது, அது எல்லா நாட்டிலும் சட்டபூர்வமானது. வானத்தில் விமானத்தைக் கண்டால் கதிரைக் காட்டும் ஆசை பிள்ளைக்கு இயல்பாகவே வரும். அந்த விமானத்துக்குள் அம்மம்மா இருக்கக்கூடும் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

கடைசியாக ஒன்று. பிடிபட்டுவிட்டால், சின்ன அபராதம்தானே, கட்டிவிட்டு வேலைக்குப் போவோம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டாம். அந்தக் கையெழுத்து பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தில் எழுந்து நிற்கும். குற்றவியல் சட்டத்தரணியோடு குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரையும் கேட்டபின் முடிவெடுங்கள். ஒரு நாள் வேலையை இழந்தாலும் பரவாயில்லை.