எங்கட எழுத்துக்கு ஒரு டெஸ்ட் பேஜ்

சஞ்சிகை 300 கொப்பி அடிச்சு முடிஞ்ச பிறகுதான் கண்டம்: 8 பொயின்ட் அடிக்குறிப்புகளில புள்ளிகளைக் காணேல்லை. ‘பல்’ எல்லாம் ‘பல’. கடைக்காரர் சொன்னார், “டெஸ்ட் பேஜ் வடிவா வந்தது தம்பி.”

வந்திருக்கும். பிரின்டரோட வாற அந்தப் பக்கத்தில நிறப்பட்டைகள், கோடுகள், கொஞ்சம் ஆங்கிலம். ‘ஞ’வின் சுழி மையால் அடைபடுவதை அது எப்படிக் காட்டும்? தமிழில் ஒரு எழுத்தைக்கூட அடித்துப் பார்க்காமல் “எல்லாம் சரி” என்கிறார்கள், நாங்களும் தலையாட்டுறம்.

இனி அந்தப் பக்கத்தை நாங்களே செய்வம். அரை மணித்தியால வேலை. ‘ண’, ‘ஞ’, ‘க்’, ‘ஸ்ரீ’ எல்லாம் 6 முதல் 12 பொயின்ட் வரை. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகவும் ஒருக்கா. படங்களுக்காக 10 வீதத்திலிருந்து 100 வீதம் வரை சாம்பல் படிகள். முக்கியமாக, ஒரே வரி இரண்டு தரம்: ஒன்று கறுப்பு மை மட்டும், மற்றது நாலு மையும் கலந்த கறுப்பு. நிறங்கள் இம்மியளவு விலகினாலே இரண்டாவது வரியில புள்ளிக்கு நிழல் விழும். சஞ்சிகை அடிக்கப்போற அதே தாளில அடிக்கச் சொல்லுங்கோ.

‘ஒரு தாள் வீண்’ எண்டு முணுமுணுப்பினம். முணுமுணுக்கட்டும், காசு நாங்கள்தானே குடுக்கிறம்.