அரிசி மூட்டை போதாது, அடையாளக் கார்டும் வேண்டும்

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. அதன் கீழ்த்தளத்தில் ஒரு சிறு தொண்டு அமைப்பு நம் பிள்ளைகளுக்கு மாலையில் இலவச டியூஷன் வகுப்பு நடத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு வாரமாக அந்த வகுப்புக்கு வரவில்லை. பாடம் சொல்லித்தரும் இளம்பெண் படியேறி வீட்டுக்கே போய் விசாரித்தார். பையன் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: "கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் ஐ.சி. எடுக்கிறாங்க டீச்சர். உனக்கு எப்போன்னு கேக்கிறாங்களாம். எனக்கே ஐ.சி. இல்ல, இவனுக்கு எங்கேர்ந்து வரும்?"

நம் நாட்டில் 12 வயதானதும் பிள்ளைக்கு மைகாட் எடுக்க வேண்டும். மற்ற வீடுகளில் அது ஒரு சின்னச் சந்தோஷம். அந்த வீட்டில் அது பையனை வீட்டுக்குள் முடக்கிப்போட்ட அவமானம்.

அந்தத் தாயின் கதையைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாருடைய கதையாகவும் அது இருக்கலாம். தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். பால்மரம் வெட்டிய அவருடைய அம்மா நீல அடையாளக் கார்டு வைத்திருந்த மலேசியர். ஆனால் பிள்ளை பிறந்ததைப் பதியவில்லை. டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். அது அப்படியே போயிற்று. தோட்டம் கைமாறிக் குடும்பம் வெளியேறியபோது கையில் ஒரு காகிதமும் இல்லை. வளர்ந்த பிறகு அவரால் தன் திருமணத்தைப் பதிய முடியவில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி.

கணவர் மலேசியர்தான். ஆனால் பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, குடியுரிமையில் தாயைத்தான் பின்பற்றும். தாயிடம் ஆவணம் இல்லை. ஆகவே மகனின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று அச்சாகிவிட்டது. மூன்று தலைமுறையாக இந்த மண்ணை விட்டு வெளியே போகாத குடும்பம் இது!

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். மலேசியத் தாய்க்கு இந்நாட்டில் பிறந்த அந்தப் பெண், பிறந்த அன்றே சட்டப்படி குடிமகள். அவருக்கு யாரும் புதிதாகக் குடியுரிமை தானம் செய்ய வேண்டியதில்லை. அவர் இன்னாருக்குப் பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாள் சம்பளத்துக்குத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாயால் அதைத் தனியாகச் செய்ய முடியுமா?

அந்தத் தொண்டு அமைப்பு நினைத்திருந்தால் பையனுக்கு ஒரு புத்தகப்பை வாங்கிக் கொடுத்து, படம் எடுத்துப் போட்டு, கைகழுவியிருக்கலாம். அது அப்படிச் செய்யவில்லை. "இது எங்களால் மட்டும் ஆகிற காரியமில்லை" என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஊரில் இருந்தவர்களின் கதவைத் தட்டியது.

அந்தத் தாய் சிறுமியாக நான்கு ஆண்டுகள் படித்த தோட்டப் பள்ளி, இப்போது வேறிடத்தில் தமிழ்ப்பள்ளியாக நடக்கிறது. அதன் தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். தாயின் பெயர் அதில் இருந்தது. ஆலயத் தலைவர், அதே தோட்டத்தில் வேலை செய்த முதியவர்கள் இருவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். அவர்களில் ஒருவர், பிரசவத்தின்போது அந்த லயத்து வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர் ஒருவர் மலாய் பாரங்களை வரி வரியாக விளக்கி நிரப்பித் தந்தார். சத்தியப் பிரமாணங்களை நாங்கள் கட்டணமில்லாமல் எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், கவுண்டரில் பக்கத்தில் நின்றது அந்த டியூஷன் டீச்சர். இதில் யாரும் பெரும் பணம் செலவழிக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் விலகியிருந்தாலும் அந்தக் கோப்பு பாதியில் நின்றிருக்கும்.

பெரிய அளவிலும் இதே வழிதான் பலன் தந்திருக்கிறது. டிஹ்ரா மலேசியா என்ற அமைப்பு, அகதிகளுக்கான ஐ.நா. தூதரகத்தின் ஆதரவோடு, 2014 முதல் தீபகற்பத்தில் நாடற்றவர்களைத் தேடிப் பதிவு செய்யத் தொடங்கியது. சமூகத்திலிருந்தே ஆட்களை எடுத்து, அடிப்படைச் சட்டப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பியது. 12,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் அடையாளம் காணப்பட்டார்கள். அரசாங்கமும் 2011-லும் 2017-லும் 'மைடஃப்தார்' இயக்கத்தை நடத்தியது. நல்லதுதான். ஆனால் இயக்கம் முடிந்தால் மேசையை மடித்து எடுத்துப் போய்விடுவார்கள். கோப்பு நகர ஆண்டுக்கணக்கு ஆகும். கூடவே நிற்க ஊரில் ஆள் வேண்டும்.

இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். தீபாவளி வந்தால் எத்தனை சங்கங்கள் அரிசி மூட்டையும் எண்ணெய்ப் போத்தலும் கொடுக்கின்றன! பசித்தவனுக்கு அது தேவைதான். ஆனால் அந்த மூட்டையை வாங்கும் தாயிடம், "பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டோமா? ஒரே தாமானில் நான்கு அமைப்புகள் ஒரே குடும்பத்துக்கு நான்கு மூட்டை கொடுக்கின்றன. நால்வரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதில்லை. யார் பெயர் பேனரில் பெரிதாக வருவது என்ற போட்டியில் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகிறது.

தொண்டு அமைப்பு அரசாங்கத்துக்கு மாற்று ஆகாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மலேசியா 1995-இல் ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரும் நாட்டுரிமையும் உண்டு என்று சொல்லும் அதன் 7-ஆவது விதியை ஏற்காமல் ஒதுக்கி வைத்தது. உரிமையாக வரவேண்டியதை நல்ல மனிதர்களின் கருணைக்கு விட்டுவிடுவது நியாயமா? இந்தக் கேள்வியை நாம் விடாமல் கேட்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

ஏனென்றால் காலம் சுருங்குகிறது. அரசியலமைப்பின் 15ஏ விதியின் கீழ், சிறப்புச் சூழ்நிலையில் உள்ள பிள்ளைகளுக்காகக் குடியுரிமை மனுச் செய்யலாம். அதற்கு 21 என்றிருந்த வயது வரம்பை 18 ஆகக் குறைக்கும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும் வீட்டில் இனி மூன்று ஆண்டுகள் குறைவு.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்.

பெற்றோர்களே, குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதியுங்கள். தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களையும் சட்டப்படி பதிந்தாக வேண்டும். ஆவணம் இல்லை என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால் அரசுப் பள்ளியில் சேர்க்க 2019 முதல் வழி திறந்திருக்கிறது. பழைய காகிதம் எதையும் வீசாதீர்கள். கிளினிக் அட்டையும் பள்ளி ரிப்போர்ட் கார்டும் ஒருநாள் சாட்சி சொல்லும்.

ஆலய நிர்வாகங்களே, பதிவு இல்லாமல் மண்டபத்தைத் திருமணத்துக்குக் கொடுக்காதீர்கள். ஆவணம் இல்லாததால்தான் பதிய முடியவில்லை என்றால், அந்த ஜோடியைத் திருப்பி அனுப்பிவிடாமல் உதவக்கூடியவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, ஆவணம் இல்லாத பிள்ளைகளை முதலாம் ஆண்டிலேயே கண்டறியுங்கள். பிள்ளையின் மனம் நோகாமல் தாயிடம் தனியாகப் பேசுங்கள்.

தொண்டு அமைப்புகளே, மூட்டையோடு அந்த ஒரு கேள்வியையும் கொண்டு போங்கள். உங்களால் முடியாததை முடிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

அந்தத் தாய்க்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, தம் 36-ஆவது வயதில், அடையாளக் கார்டு கிடைத்தது. அடுத்த மாதமே கணவரோடு போய்த் திருமணத்தைப் பதிந்தார். டியூஷன் டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மகனுக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இப்போது அவனுக்கு வயது 15. படிவம் மூன்றில் படிக்கிறான். ஒவ்வொரு வாரமும் அதே கீழ்த்தளத்துக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். 18-க்கு இன்னும் மூன்று ஆண்டுகள்தான் இருக்கின்றன.

உங்கள் தாமானில், உங்கள் தளத்தில், ஐ.சி. எடுக்கப் போகாத ஒரு பிள்ளை இருக்கிறதா? இன்று மாலையே போய்க் கேளுங்கள்.