அடுப்பு இலவசம்! அலைச்சல் யார் கணக்கில்?

கல்லங்குறிச்சி என்றதும் பெருமாள் பக்தர்களுக்குக் கலியுக வரதராசர் கோயில் நினைவுக்கு வரும். புவியியல் படித்தவர்களுக்கோ, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாகக் கிடந்த அந்த மண்ணில் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை நினைவுக்கு வரும். அந்தப் பாறை அடுக்குக்கே இவ்வூரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் ஆலைக்காரர்களுக்கு அது சுரங்கம். அரியலூர் கடைத்தெருவிலிருந்து இருசக்கர வண்டியில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தவணை வியாபாரத்துக்குப் போய்வரும் நமது சகோதரர் ஒருவருக்கு மட்டும் கல்லங்குறிச்சி என்றால் ஒரு பெண்ணின் கண்கள்தான் நினைவுக்கு வருகின்றன!

“தவணைப் பணம் வாங்கப் போனேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா வெளியே வந்தார். ஏதோ துக்க வீடு போலிருக்கிறது என்று திரும்பப் பார்த்தேன். ‘அழுகை இல்லை பாய், புகை’ என்றார்.”

இதைச் சகோதரர் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். விசாரிக்க விசாரிக்கச் சிரிப்பு போய்விட்டது.

கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். மாமியார் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். கருவேல முள்தான் விறகு. இலவச எரிவாயு இணைப்பு கேட்டு மூன்று முறை ஏஜென்சிக்கு நடந்திருக்கிறார். முதல் முறை சொன்ன பதில்: “உங்கள் ரேஷன் கார்டில் ஏற்கெனவே கனெக்ஷன் இருக்கிறது.” இருக்கிறதுதான்! 2006ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்ததே, அப்போது மாமியார் பெயருக்கு வந்த இணைப்பு அது. மருமகளின் பெயரும் அதே அட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவருக்குக் கிடையாது.

சரி, தனி அட்டை வாங்கலாம் என்று மனுப் போட்டார். தனிச் சமையல் உண்டா என்று பார்க்க ஆள் வந்தார்கள். விண்ணப்பத்தில் எரிவாயு இணைப்பு விவரம் கேட்கும் இடம் வெறுமையாக இருந்தது. “தனிச் சமையல் என்கிறாயே, கேஸ் ரசீது எங்கே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். மறுபடி ஏஜென்சி. “தனிக் கார்டு கொண்டு வா, கனெக்ஷன் தருகிறோம்.”

அட்டை வேண்டுமானால் அடுப்பு வேண்டும். அடுப்பு வேண்டுமானால் அட்டை வேண்டும்! செக்குமாடாவது சுற்றினால் எண்ணெய் வரும். இந்தப் பெண் சுற்றிச் சுற்றி என்ன கண்டார்?

அந்தப் பெண் நம் சமுதாயமா, மாற்றுச் சமுதாயமா என்று இதற்குள் சில வாசகர்கள் யோசித்திருப்பீர்கள். அடுப்புப் புகை ஆளைப் பார்த்து ஏறுவதில்லை. ஆகவே அதை எழுதவில்லை.

உஜ்வாலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் பிரதமரால் தொடங்கப்பட்டது. பெட்ரோல் பங்க்குகளில் எல்லாம் ஆளுயரத்துக்கும் மேலே விளம்பரத் தட்டி வைத்தார்கள். இணைப்பு ஒன்றுக்கு மத்திய அரசு அப்போது கொடுத்தது 1,600 ரூபாய். அது எதற்கு? சிலிண்டர் டெபாசிட், ரெகுலேட்டர், குழாய் இவற்றுக்கு. அடுப்பும் முதல் சிலிண்டரும்? அவை கடன்! எண்ணெய் நிறுவனம் கடனாகக் கொடுத்து, பின்னால் அந்தப் பெண்ணுக்கு வரவேண்டிய மானியத்திலிருந்து பிடித்துக்கொண்டது. தட்டியில் ‘இலவசம்’ என்று பெரிய எழுத்து; ‘கடன்’ என்பதை எந்தத் தட்டியிலாவது யாராவது பார்த்ததுண்டா? 2021 ஆகஸ்டில் மகோபாவில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில்தான் அடுப்பையும் முதல் சிலிண்டரையும் உண்மையிலேயே இலவசமாக்கினார்கள்.

10 கோடிக்கும் மேல் இணைப்பு கொடுத்ததாக அரசு பெருமைப்படுகிறது. கொடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு வாய் வலிக்காது. ஆனால் இணைப்பு கொடுத்த பிறகு அடுப்பு எரிந்ததா? மத்திய தணிக்கைத் துறை 2019ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். இணைப்பு பெற்று ஓராண்டுக்கு மேலான 3.18 கோடிப் பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கியது 3.21 சிலிண்டர். நாலு மாதத்துக்கு ஒன்று! பிறகு ஏறியது, 2024-25ல் சராசரி 4.47 என்று அரசே சொல்கிறது. அப்படிப் பார்த்தாலும் ஒரு சிலிண்டரை 80 நாளுக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். மூன்று வேளை சமைக்கும் வீட்டில் 14.2 கிலோ எரிவாயு 80 நாள் வருமா? மீதி நாளுக்கெல்லாம் அதே முள் விறகுதான். அடுப்பு மேடையில் எரிவாயு அடுப்பு துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். மண் அடுப்பு புகையும்.

ஏன் வாங்கவில்லை? விலை! 2014ல் ஏழை பணக்காரர் வித்தியாசமின்றி எல்லோருக்கும் மானிய சிலிண்டர் டெல்லியில் 414 ரூபாய். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்த்திய பிறகு அதே டெல்லியில் 853. உஜ்வாலா பெண்ணுக்கு 300 ரூபாய் மானியம் போக 553. அதாவது, 2014ல் பணக்காரர் கொடுத்ததைவிட 2025 ஏப்ரலில் பரம ஏழை 139 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். இதற்குப் பெயர் மானியமாம்! அந்த 300ம் கையில் வருவதில்லை. முழு விலையையும் முதலில் கொடுத்துவிட வேண்டும். மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். நாள் கூலிக்குப் போகும் பெண் ஒரே நாளில் அவ்வளவு பணத்தை எங்கிருந்து எடுப்பார்? ஆண்டுக்கு 12 சிலிண்டருக்கு என்றிருந்த மானியத்தையும் 2025-26ல் 9 ஆகக் குறைத்தார்கள். உஜ்வாலாவில் இல்லாத நம்மைப் போன்றவர்களின் மானியம் 2020 நடுவிலேயே சத்தமில்லாமல் நின்றுபோனது. எந்தக் கட்சி தெருவுக்கு வந்தது?

இனி நம் சமுதாயத்தைத் தொடும் ஒரு சிக்கல். நன்றாகக் கவனியுங்கள்.

தொடக்கத்தில் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் பெயர் இருந்தால்தான் இணைப்பு. பிறகு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், அந்தியோதயா அட்டைதாரர், பிரதமர் வீட்டுத் திட்டப் பயனாளிகள், வனவாசிகள் என்று சில பிரிவுகளைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், தக்னி, தூதேகுலா, மாப்பிள்ளை, அன்சார், ஷேக், சையத் ஆகியோர் எந்தப் பட்டியலில் இருக்கிறோம்? பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்கள். 2007ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு இந்தப் பட்டியலுக்குத்தான். ‘மிகவும்’ என்ற சொல் நம் சாதிச் சான்றிதழில் இல்லை! ஆகவே நம் வீட்டு ஏழைத்தாய் சான்றிதழை நீட்டினால், “இது எம்.பி.சி. இல்லையே அம்மா” என்று திருப்பி அனுப்புவது சுலபம். அவரும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்.

திரும்பி வரத் தேவையில்லை என்பதுதான் செய்தி! அந்தப் பிரிவுகள் எதிலும் வராதவர்களுக்கு ஒரு தனி வழியை 2018 டிசம்பரிலேயே திறந்துவிட்டார்கள். ‘வறிய குடும்பம்’ என்று உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். சாதிச் சான்றிதழே தேவையில்லை. நெடுநாள் அது 14 அம்சப் படிவமாக இருந்தது. ஏஜென்சியில் இப்போது நடப்பில் உள்ள உறுதிமொழிப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 18 வயது நிரம்பிய பெண், அதே குடும்ப அட்டையில் வேறு எந்த நிறுவனத்தின் இணைப்பும் இருக்கக்கூடாது, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு. இவ்வளவுதான். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பமாக இருந்தால் ரேஷன் அட்டைக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகத் தன் கையெழுத்திட்ட உறுதிமொழியே செல்லும். செங்கல் சூளையிலும் சிமெண்ட் ஆலையிலும் ஒப்பந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இதை யார் போய்ச் சொன்னோம்?

இதைச் சொல்லவேண்டிய நாம் எங்கே இருந்தோம்? லப்பைக்குடிக்காடும் வி.களத்தூரும் வளைகுடாப் பணத்தில் நிமிர்ந்த ஊர்கள். மகிழ்ச்சி! ஆனால் அந்த நிமிர்வில் ஒரு நோயும் வந்துவிட்டது. “நமக்கு எதுக்கு பாய் இலவசம்? அந்த வரிசையில் போய் நிற்பதா?” உங்களுக்கு வேண்டாம் சகோதரரே. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் லாத்தாவுக்கு வேண்டும். பீடி சுற்றி, பாய் பின்னிப் பிழைப்பவருக்கு வேண்டும். சுன்னத் விருந்துக்கு எத்தனை கிடா என்று மூன்று மணி நேரம் பேசும் ஜமாஅத் கூட்டத்தில், மஹல்லாவில் எத்தனை வீட்டில் விறகு எரிகிறது என்று ஒரு முறை கேட்டதுண்டா? வீட்டுக்குள் புகும் புகையால் 2020 ஒரே ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பெரும்பாலும் அடுப்பங்கரையில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும் சுவாசிக்கும் புகை அது.

வியாபாரிகளே, உங்களிடமும் ஒரு கேள்வி. கோபப்படாதீர்கள்.

உங்கள் டீக்கடையில், பிரியாணிக் கடையில், பின்கட்டில் நிற்கும் சிலிண்டர் என்ன நிறம்? 19 கிலோ வணிகச் சிலிண்டர் நீலம். 14.2 கிலோ சிவப்பு வீட்டுக்கானது. சிவப்புச் சிலிண்டரைக் கடையில் எரிப்பது 2000ஆம் ஆண்டு எரிவாயு ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். அத்தியாவசியப் பொருள் சட்டம் பாயும். சட்டத்தை விடுங்கள். அந்தச் சிவப்பு சிலிண்டர் எங்கிருந்து வந்தது? எடுக்க வசதியில்லாத ஏழைப் பெண்ணின் பெயரில் ‘புக்’ செய்து வாங்கப்பட்டது! முன்பு சொன்ன தணிக்கை அறிக்கையிலேயே 1.98 லட்சம் உஜ்வாலா பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 12க்கு மேல் சிலிண்டர் எடுத்ததாக இருக்கிறது. பரம ஏழை வீட்டில் இவ்வளவு சமையலா? ஊர் முழுக்க விருந்து வைத்தார்களா? அந்த எரிவாயு எந்தக் கடைக்குப் போனது என்று தணிக்கை அதிகாரி சந்தேகப்பட்டார். நமக்குச் சந்தேகமே இல்லை. ஹலால் இறைச்சி எது என்று நூல் பிடித்துப் பார்க்கிறோம். அதை வேகவைக்கும் நெருப்பு யாருடையது என்று பார்க்க வேண்டாமா?

இளைஞர்களே! மேடை போட்டு முழங்க இது விஷயமில்லை. நாலு பேர் உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் ஒரு மேசை போடுங்கள். படிவம் நிரப்பிக் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஏஜென்சியை விட்டு நகராதீர்கள். “எங்களிடம் அடுப்பு வாங்கினால்தான் கனெக்ஷன்” என்று யார் சொன்னாலும் அது பொய். ரசீதில் போட்டிருக்கும் விலையில் வீட்டு வாசலில் இறக்கும் கூலியும் அடக்கம். அதற்கு மேல் ஐம்பது, அறுபது கேட்பது அடாவடி. உஜ்வாலாவுக்கென்று கட்டணமில்லாத் தொலைபேசி 1800-266-6696 இருக்கிறது. வாயு கசிந்தால் 1906. மனு ஒரு மாதம் கிடப்பில் கிடந்தால், எண்ணெய் நிறுவனங்கள் பொதுத்துறை என்பதால், தகவல் உரிமைச் சட்டம் 2005ன் கீழ் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

கல்லங்குறிச்சிப் பெண்ணுக்கு வருவோம். விறகு அடுப்பும் அடுப்புதான். தனிச் சமையலுக்கு எரிவாயு ரசீதுதான் சாட்சி என்றால், எரிவாயு இல்லாத வீட்டுக்கு இந்த நாட்டில் ரேஷன் அட்டையே கிடையாது என்று ஆகிவிடும். இதையே மனுவாக எழுதியிருக்கிறோம். மாமியார் அட்டையிலிருந்து பெயர் நீக்கம், தனி அட்டை, இரண்டையும் ஒரே மனுவில் கேட்டிருக்கிறோம். தவணைக்காரச் சகோதரரே அந்த அம்மாவையும் மாமியாரையும் (ஆம், மாமியாரும் வருகிறார், மருமகள் தனியாகத்தான் சமைக்கிறார் என்று அவரே சொல்லப் போகிறார்) அழைத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை அரியலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போகிறார். அங்கே முடியாவிட்டால் வட்ட வழங்கல் அலுவலர், மாவட்ட வழங்கல் அலுவலர் என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன.

அட்டை கிடைத்ததா, இல்லையா என்பதை இதே பக்கத்தில் எழுதுவோம். இழுத்தடித்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து!