வெண்ணெய்க் கடையில் பிறந்த 'நீல்கிரிஸ்': குடும்பத்தின் கையைவிட்டுப் போனது எப்படி?

தாம்பரத்தில் ஒரு ஃபிளாட். காலை எட்டு மணி. பிரெட் இருக்கு, வெண்ணெய் தீர்ந்துபோச்சு. போனில் ஆர்டர் போட்டால், காபி ஆறுவதற்குள் வாசலில் பெல் அடிக்கிறது.

120 வருஷத்துக்கு முன்னால் இது இவ்வளவு சுலபமில்லை. தயிர் கடைந்து எடுத்த வெண்ணெய் நம் வீடுகளில் எப்போதும் இருந்தது. ஆனால் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் வெண்ணெய் துரைமார் வீட்டுச் சமாச்சாரம். அதை விற்று வளர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கடைதான் 'நீல்கிரிஸ்'. பெயர் இன்றும் இருக்கிறது. குடும்பம்?

யார் ஆரம்பித்தது?

முத்துசாமி முதலியார். கோயம்புத்தூரிலிருந்து குன்னூர், ஊட்டியில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கடிதங்களும் காசோலைகளும் கொண்டுபோய்க் கொடுத்தவர். வெயில் காலத்தில் மதராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு இடம்பெயரும் காலம் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல். ஊட்டிக்கு 1908-ல்தான். அதனால் மலையில் நல்ல பொருள் கிடைப்பதே பெரிய விஷயம்.

அதிகாரிகளின் தேவையை நேரில் பார்த்தவர், 1905-ல் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கினார். சின்னதாக ஒரு கடை போட்டார். அவ்வளவுதான் தொடக்கம்.

அப்போ சென்னையில்?

மவுன்ட் ரோட்டில் ஸ்பென்சர்ஸ் இருந்தது. 1863-ல் சார்லஸ் டூரன்ட், ஜான் வில்லியம் ஸ்பென்சர் ஆகியோர் தொடங்கியது. கடல் தாண்டி வந்த மது, டின் உணவு என்று வெள்ளைக்காரர்களுக்கும் வசதியானவர்களுக்குமான கடை. ஸ்பென்சர்ஸின் பலம் இறக்குமதி. முதலியார் குடும்பத்தின் பலம் வேறு: பாலும் வெண்ணெயும் உள்ளூர்ச் சரக்கு, தரத்துக்குக் கடைக்காரரே பொறுப்பு.

ஆங்கிலேயர் போன பிறகு?

1936-லேயே கடை பெங்களூரு பிரிகேட் ரோட்டுக்கு வந்துவிட்டது. கன்டோன்மென்ட் பகுதி, வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. 1947-க்குப் பிறகு அந்த வாடிக்கையாளர்கள் கப்பல் ஏறினார்கள். கடை மூடவில்லை.

காரணம், அடுத்த தலைமுறை. மகன் சென்னியப்பன் வெளிநாடுகளில் சூப்பர்மார்க்கெட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். கவுன்டரில் நின்று கேட்டு வாங்குவதற்குப் பதிலாக, ஷெல்ஃபிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். ஈரோடு பக்கம் சொந்தப் பால் பண்ணை, சொந்த பேக்கரி என்று வேர் விட்டது. சென்னையில் ராதாகிருஷ்ணன் சாலைக் கடை ஒரு தலைமுறைக்கே அடையாளம். துரைமார் சரக்கு நடுத்தர வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங் ஆனது இப்படித்தான்.

பிறகு ஏன் விற்றார்கள்?

2000-களின் நடுவில் பெரிய கம்பெனிகள் எல்லாம் மளிகைக்குள் இறங்கின. ரிலையன்ஸ் ஃப்ரெஷ் வந்தது 2006-ல். ஊருக்கு ஊர் கடை திறக்கப் பெரிய முதலீடு தேவைப்படும் ஆட்டம் இது. அதே 2006-ல் ஆக்டிஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் நீல்கிரிஸில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ஆங்கிலேயரிடமிருந்து வாங்கிய வியாபாரம், ஒரு நூற்றாண்டு கழித்து லண்டன் பணத்திடமே போனது!

2014-ல் சுமார் 300 கோடி ரூபாய்க்கு ஃபியூச்சர் கன்ஸ்யூமர் வாங்கியது. 'பிக் பஜார்' நடத்திய அதே ஃபியூச்சர் குழுமம். 2020-ல் அந்தக் குழுமம் கடனில் தத்தளித்தது. 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸுக்கு விற்கப் போட்ட ஒப்பந்தம், அமேசானுடனான வழக்கில் சிக்கி 2022-ல் முறிந்தது. ஃபியூச்சர் ரீடெயில் திவால் நடவடிக்கைக்குப் போனது. வெண்ணெய்க்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதன் பெயர் அந்தக் கடன் கணக்குக்குள் மாட்டியிருந்தது.

ரஷ்யாவில் என்ன நடந்தது?

ஜார் காலத்தில் எலிசேயெவ் குடும்பம் இதேபோல ஆடம்பர உணவுக் கடைகள் நடத்தியது. மாஸ்கோவில் 1901-ல் திறந்த கடை அரண்மனை மாதிரி இருக்கும். 1917 புரட்சிக்குப் பிறகு அரசு எடுத்துக்கொண்டது. 2021-ல் கடையும் மூடப்பட்டது. அந்தக் குடும்பம் கடையை இழந்தது புரட்சியால். இங்கே புரட்சி இல்லை, துப்பாக்கி இல்லை. பங்கு விற்பனைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.

சரி, இதுல நமக்கு என்ன?

இரண்டு விஷயம். ஒன்று, நீல்கிரிஸ் கடைகளில் பெரும்பாலானவை ஃபிரான்சைஸ். குரோம்பேட்டையோ மேடவாக்கமோ, எந்த பிராண்டாக இருந்தாலும் ஃபிரான்சைஸ் கடையில் போர்டு கம்பெனியுடையது. வாடகை, ஃப்ரிட்ஜ் ஓடும் கரன்ட் பில், ஆள் சம்பளம் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் தலையில். மேலே முதலாளி மாறினால் சரக்கு வரத்து தடுமாறும். முதல் அடி விழுவது இவருக்குத்தான். ஃபிரான்சைஸ் எடுக்க யோசிப்பவர்கள், கம்பெனி கைமாறினால் தங்கள் டெபாசிட்டுக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பார்ப்பது நல்லது.

இரண்டு, நம்பிக்கை. அன்று பொருள் சரியில்லை என்றால் கல்லாவில் இருந்தவரையே கேட்கலாம். இன்று ஆப்களே சொந்த லேபிளில் பால், பிரெட் விற்கின்றன. அடுத்த முறை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'தயாரித்தவர்' ஒருவர், 'விற்பனை செய்பவர்' இன்னொருவர் என்று இருக்கலாம். பக்கத்திலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும்.

முத்துசாமி முதலியார் காலத்தில் அந்த இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான் இருந்தது.